தட்டிப் பார்த்த ஆப்பிள் பை

பரிசோதகர் லேசாகத்தான் தட்டினார். நடுவிரலை மடக்கி, கணுவால், ஒரே ஒரு தட்டு. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பேரிடம் இதைச் சத்தியம் செய்து சொன்னார். ஆனால் தட்டு வாங்கிய ஆப்பிள் பைக்குச் சத்தியம் எல்லாம் தெரியாது. அதன் மேல் மூடி பொலபொலவென்று உதிர்ந்து, சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஓர் ஓட்டை விழுந்தது.

தட்டிப் பார்ப்பது அவருடைய பிழைப்பு. கட்டடங்களுக்குக் கான்கிரீட் போடும் நிறுவனத்தில் தரப் பரிசோதகர். தூணோ தளமோ, முதலில் தட்டுவார், காதைக் கொடுத்துக் கேட்பார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் "சரி" என்று சொன்ன ஒரு சுவர்கூட விரிசல் விட்டதில்லை. வீட்டுக்கு வந்தாலும் விரல் சும்மா இராது. தர்பூசணி, கதவு, புதுச் செருப்பின் அடி எல்லாமே தட்டு வாங்கும். பல் டாக்டரிடம் போனால், டாக்டர் இவர் பல்லைத் தட்டுவதற்கு முன்னால் இவர் டாக்டரின் நாற்காலியைத் தட்டிப் பார்த்து முடித்திருப்பார்.

ஆனால் இன்றைக்குத் தட்டியது வெறும் பழக்க தோஷம் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு வருத்தம் இருந்தது.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெரு முழுக்க நர்ஸம்மா என்றுதான் பெயர். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு பேக்கரி, மாவு ஓட்டுக்குள் பழம் வைத்துச் சுடும் பைக்கென்று புதிதாகத் தனிப் பிரிவு திறக்கப் போவதாக அறிவித்திருந்தது. வீட்டில் சுடுகிறவர்கள் மாதிரிக்கு ஒரு பை அனுப்பலாம். கடை வேன் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளும். வாரம் ஒன்றாக மூன்று வாய்ப்பு. பிடித்துப் போனால் அந்தப் பிரிவே அவர் பொறுப்பு. நர்ஸம்மா அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டார்.

"இருபத்திரண்டு வருஷமா கையில ஊசியோட போறேன். என்னைப் பார்த்தாலே குழந்தைங்க கட்டிலுக்கு அடியில ஒளியுது. இனிமேலாவது நான் வர்றதைப் பார்த்து நாலு பேர் சிரிக்கட்டுமே" என்றார்.

முதல் வாரம் வேன் வந்து எடுத்துப் போனது. பதில் இல்லை. இரண்டாம் வாரம் இன்னும் நன்றாகச் சுட்டுக் கொடுத்தார். அதற்கும் பதில் இல்லை. வேன் டிரைவரிடமே வாய்விட்டுக் கேட்டதற்கு, "முதலாளியம்மா ஒண்ணும் சொல்லலைங்க" என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். நர்ஸம்மா "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதார். குழாய்ச் சத்தத்தில் அழுகை வெளியே கேட்காது என்று நினைப்பு. சுவருக்குள் இருக்கும் பொந்தைக் காதாலேயே கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு அது கேட்காதா?

இன்றைக்கு மூன்றாவது வாரம். கடைசி வாய்ப்பு. விடியும் முன்பே எழுந்து மாவு சேர்த்து, ஒன்பது மணிக்குச் சுட்டு எடுத்து, ஜன்னலோரம் ஆற வைத்துவிட்டு நர்ஸம்மா வேலைக்குக் கிளம்பினார்.

"நாலு மணிக்கு வேன் வரும். எடுத்துக் கொடுங்க. அதுவரைக்கும் கிட்டப் போகாதீங்க."

"லீவு போட்டு உட்கார்ந்திருக்கேன். நான் பார்த்துக்கிறேன், நீ போ."

பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டே இருந்தார். பொன் நிறத்தில் மாவு மூடி, ஓரமெல்லாம் கைவிரலால் வைத்த மடிப்பு, நடுவே ஆவி போக நாலு கீறல். இதில் என்ன குறை கண்டார்கள்? ஒருவேளை உள்ளே ஏதாவது... விரல் தானாக மடங்கியது.

ஓட்டை விழுந்த சுவரை அவர் பார்க்காதவரா? பூசிவிட்டால் போச்சு. சின்னக் கரண்டியால் ஓட்டையின் ஓரத்தை நிமிர்த்தினார். அங்கிருந்து ஒரு விரிசல் கிளம்பியது. கட்டை விரலால் அணை போட்டார். அது இரண்டாகப் பிரிந்து ஓடியது. இரண்டுக்கும் இரண்டு கட்டை விரல் வைத்தார். இப்போது இரண்டு கையும் மாட்டிக்கொண்டன. எடுத்தால் மூடி விழும்; எடுக்காவிட்டால் நாலு மணி வரைக்கும் இப்படியே நிற்க வேண்டும். ஒரு கையை மட்டும் மெல்ல விடுவித்து, அடியில் முட்டுக் கொடுத்துத் தட்டோடு தூக்கினார். தட்டின் அடி இன்னும் ஆறவில்லை என்பது உள்ளங்கைக்குத்தான் முதலில் தெரிந்தது.

பை தலைகுப்புறத் தரையில் இறங்கியது.

பரிசோதகர் அதன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வாயில் போட்டார். இருபது வருஷமாக டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டே சாப்பிட்ட பை. இன்றைக்குத்தான் பையை மட்டும் சாப்பிட்டார். மாவு இதழ் இதழாகப் பிரிந்து நாக்கிலேயே கரைந்தது. பின்னாலேயே ஆப்பிளின் புளிப்பும், சர்க்கரையும், கொஞ்சம் பட்டைத்தூளும் வந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளை இத்தனை வருஷம் "நல்லா இருக்கு" என்ற இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

மணி பத்து. அவர் மச்சானுக்குப் போன் செய்தார்.

மச்சான் என்றால் நர்ஸம்மாவின் தம்பி. எலக்ட்ரீஷியன். அடுத்த தெருவில் வீடு. டிரில்லிங் மெஷின் உட்பட சகல ஆயுதங்களோடும் வந்து சேர்ந்தவன், தரையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"என்ன மாமா இது?"

"லேசாத்தான் தட்டினேன்."

"அக்காகிட்டச் சொல்லிடலாம்."

"சொல்லலாமே. நீ சொல்றியா?"

மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டான். "மாவு எந்த டப்பாவில இருக்கு?"

"கடையில வாங்கிடலாமான்னு கேக்கலியே நீ?"

"ஊர்ல யாரு மாமா இது போடறா? எவனும் போடலைன்னுதானே அந்தப் பேக்கரியில இதை ஆரம்பிக்கிறாங்க?"

ஆக, சுடுவது என்று முடிவாயிற்று. வெந்நீர் வைக்கக்கூட அடுப்பங்கரைப் பக்கம் போகாத இருவர், மாவு ஓட்டிலிருந்து ஒரு பையை உண்டாக்கக் கிளம்பினார்கள். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, இவர்கள் தலையையே விட்டார்கள்.

நர்ஸம்மாவின் சமையல் நோட்டு கிடைத்தது. பரிசோதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'வெண்ணெய், நன்றாகக் குளிர்ந்தது. மாவில் உதிர்க்கவும். பட்டாணி அளவுக் கட்டிகள் இருக்க வேண்டும். தண்ணீர், தேவைக்கு. பிசையக் கூடாது. எப்போது நிறுத்துவது என்று கை சொல்லும்.'" நோட்டைக் கீழே வைத்தார். "தேவைக்குன்னா எவ்வளவு? கை சொல்லும்னா என்ன அர்த்தம்? கைக்கு வாயா இருக்கு?"

"அக்கா கைக்கு இருக்கும்போல."

"அதோட, கட்டி இருக்கணுமாம். கலவையில கட்டி இருந்தா எந்தத் தளமாவது நிக்குமா?"

"மாமா, இது தளம் இல்லை."

"எல்லாமே தளம்தான்டா."

இருபத்தைந்து வருஷமாகக் கலவையில் ஒரு கட்டி கண்டால் லாரியையே திருப்பி அனுப்பியவர் அவர். அந்தக் கைகளால் பட்டாணி அளவுக் கட்டிகளை விட்டுவைக்க முடியுமா? நசுக்கினார். பிசைந்தார். வெண்ணெய் உருகி, மாவோடு மாவாகி, கடைசிக் கட்டியும் ஒழியும்வரை இருபது நிமிஷம் விடாமல் பிசைந்தார். பிறகு உள்ளே காற்றுக் குமிழி இருக்குமே என்ற கவலை வந்தது. கான்கிரீட்டாக இருந்தால் அதிர்வு கொடுத்துக் குமிழியை வெளியேற்றுவார்கள்.

"மச்சான், அந்த டிரில்லை ஆன் பண்ணி, பாத்திரத்தோட பக்கத்துல பிடி."

மச்சான் பிடித்தான். குமிழி வெளியேறியதோ என்னவோ, பக்கத்தில் திறந்திருந்த மாவு டப்பா மேசையிலிருந்து நடந்து போய்க் கீழே குதித்தது. மாவுத் தூசி அடங்கியபோது இருவர் தலையும் நரைத்திருந்தது.

அடுத்த வரி, "அரை மணி நேரம் ஓய்வு" என்றது. இது அவருக்குப் புரிந்த விஷயம். போட்ட கான்கிரீட்டுக்கும் ஓய்வு உண்டு. ஈரச் சாக்குப் போட்டு நீர் ஊற்றி வைப்பார்கள். "குளிர்சாதனப் பெட்டியில்" என்று அடுத்த பக்கத்தில் தொடர்ந்ததை அவர் புரட்டிப் பார்க்கவில்லை. மாவின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்தார். அரை மணி நேரம் கழித்துத் துணியை எடுத்தால் மாவும் கூடவே வந்தது. அந்தப் பிசுபிசுப்பைத் தீர்க்க இன்னொரு கிண்ணம் மாவு கொட்டினார். அது ரப்பராகிவிட்டது. மாவு தேய்க்கும் கட்டையால் ஒரு பக்கம் தேய்த்தால், மறுபக்கம் போவதற்குள் பழைய இடத்துக்கே சுருண்டு வந்தது.

"வெயிட் வைக்கணும்" என்று பரிசோதகர் மொட்டை மாடியிலிருந்து இரண்டு செங்கல் கொண்டுவந்து, காகிதம் சுற்றி அதன்மேல் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நர்ஸம்மா.

"என்னங்க, பை ஆறிடுச்சா?"

பரிசோதகர் குப்பைக் கூடையைப் பார்த்தார். "ஆறிடுச்சும்மா. நல்லாவே ஆறிடுச்சு."

"தட்டிக் கிட்டிப் பார்க்கலியே?"

"சேச்சே."

"என்ன அங்கே 'டொம்'முனு சத்தம்?"

அது செங்கல் ஒன்று மேசையிலிருந்து இறங்கிய சத்தம். "உன் தம்பி வந்திருக்கான்."

"அவனைப் பை பக்கம் விடாதீங்க" என்று நர்ஸம்மா போனை வைத்தார். மச்சானுக்கு இது பெரிய மன வருத்தமாகிவிட்டது. அதை ஆற்ற இரண்டு ஆப்பிள் தேவைப்பட்டது.

தரையில் உடைந்த பையின் மாவு ஓடு எவ்வளவு தடிமன் என்று பரிசோதகர் அளவுகோல் வைத்து அளந்தார். மூன்று மில்லிமீட்டர்.

"பார்த்தியா? வெறும் மூணு மில்லி. அதான் தட்டினதும் உள்ளே போயிடுச்சு."

"மாமா, அது கடிக்கிறதுக்கு. தட்டறதுக்கு இல்லை."

"பாதுகாப்பு அளவுன்னு ஒண்ணு இருக்குடா. மூணு வேணும்னா பன்னிரண்டு போடணும். நாளைக்கு யாராவது மேல ஏறி நின்னா?"

"பை மேல யாரு மாமா ஏறி நிக்கப் போறா?"

 பரிசோதகர் பன்னிரண்டே போட்டார்.

பிறகு ஆப்பிள். நர்ஸம்மா கண் பார்த்து அரிவார். ஒன்று மெல்லிசு, ஒன்று தடிமன். இவர் ஸ்கேல் வைத்து இரண்டு சென்டிமீட்டர் கனசதுரமாக நறுக்கினார். அளவு தப்பியவற்றை மச்சான் வாயில் தள்ளினார். சர்க்கரை போட்டுக் கலக்கியதும் பழம் நீர் விட்டது. பரிசோதகர் பதறிவிட்டார். நீர்க் கசிவு! கட்டடம் கட்டுகிறவனுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. துணியில் போட்டு முறுக்கினார். சாறெல்லாம் தொட்டிக்குள் போக, மிஞ்சியது பஞ்சு.

எல்லாம் கூடி ஓவனுக்குள் போனபோது மணி இரண்டு. நோட்டில் ஐம்பது நிமிஷம் என்று இருந்தது. ஐம்பது நிமிஷம் கழித்துப் பார்த்தால் பை வெளிறிப்போய், உள்ளே வைத்தபடியே இருந்தது. பன்னிரண்டு மில்லியைத் தாண்டிச் சூடு உள்ளே போக வேண்டாமா?

"ஓவன்ல கோளாறு" என்றார் பரிசோதகர்.

மச்சானுக்கு இப்போதுதான் உயிர் வந்தது. பின்பக்கத்தைக் கழற்றினான். "இதோ, சூட்டைக் கட்டுப்படுத்துற பாகம். இதைத் தனியாக் கழட்டிட்டா கட்டுப்பாடே கிடையாது."

"சீக்கிரம் வெந்துடுமா?"

"வேகுமான்னு தெரியாது மாமா. சூடாகும்."

சொன்ன சொல் தவறவில்லை. சூடாயிற்று. பதினைந்தாவது நிமிஷம் சமையலறைக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. இருமிக்கொண்டே வெளியே எடுத்தபோது பையின் மேல் பக்கம் அடுப்புக்கரி. மணி மூன்றரை. பரிசோதகர் கலங்கவில்லை. இந்த மனுஷனிடம் மெச்ச வேண்டிய குணம் ஒன்று உண்டென்றால் இதுதான்: தலைக்கு மேல் வெள்ளம் போனாலும், சாண் எவ்வளவு முழம் எவ்வளவு என்று அளந்துகொண்டு நிற்பார். மச்சானின் பெட்டியிலிருந்து உப்புத்தாளை எடுத்துக் கரியைத் தேய்த்தார். வட்ட வட்டமாக, ஒரு மேடு பள்ளம் இல்லாமல், கீழே பழுப்பு நிறம் வரும்வரை தேய்த்தார். மேலே முட்டை தடவி, சூடான ஓவனில் இரண்டு நிமிஷம் காட்டி எடுத்தார்.

பளபளவென்று வந்தது. ஓரமெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி. கண்ணுக்கு அவ்வளவு அழகு.

விரல் மடங்கியது. தட்டினார்.

"ணங்."

"முதல் தரம்" என்றது வாய், பழக்கத்தில்.  அடுத்த கணமே கத்தியை எடுத்து ஓரத்தில் அழுத்தினார். கத்தி வளைந்தது. பை வளையவில்லை.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் பை.

"அனுப்பிடலாம் மாமா. பார்க்க லட்சணமாத்தானே இருக்கு?"

"இதைக் கடிச்சுப் பார்த்து, இதுதான் உங்கக்கா கைப்பக்குவம்னு அவங்க நினைச்சுட்டா?"

"அப்ப அனுப்ப வேண்டாம்."

"அனுப்பலைன்னா கடைசி வாய்ப்பு போச்சு. சாயங்காலம் வந்து, 'கொடுத்தீங்களா'ன்னு கேப்பா. இருபத்திரண்டு வருஷமா ஊசி போட்டுக்கிட்டே நினைச்சுட்டு இருந்திருக்காடா இதை. எனக்கு இந்த மாசம்தான் தெரியும்."

மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையில் மிச்சமிருந்த ஆப்பிளைக் கீழே வைத்தான். 

கடைசியில் பரிசோதகர் தன் ஆபீஸ் பையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். தரப் பரிசோதனை அறிக்கை. அவருக்குத் தெரிந்த ஒரே கடிதம் அதுதான். நிதானமாகக் கட்டம் கட்டமாக நிரப்பினார்.

'மாதிரி: ஆப்பிள் பை. தயாரித்தவர்: கணவர். முடிவு: தகுதி இல்லை.

குறிப்பு: காலையில் என் மனைவி சுட்ட பையை நான் தட்டி உடைத்துவிட்டேன். தவறு என்னுடையது. இது என்னுடைய கலவை. உண்ண வேண்டாம். இதை வைத்து என் மனைவியை எடை போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்பு அனுப்பிய இரண்டையும் நினைத்துப் பார்த்து முடிவு செய்யவும். தட்டிப் பார்க்காமல் எதையும் சரி என்று சொல்லாதவன் நான். தட்டிப் பார்த்தேன், உடைந்தது, தின்றும் பார்த்தேன். அவள் கைக்கு ஈடாக ஒரு கை கிடையாது.'

கீழே கையெழுத்துப் போட்டார். தன் சொந்த வேலைக்குத் தானே "தகுதி இல்லை" என்று கையெழுத்துப் போட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. மனசு லேசாயிற்று. கடிதத்தை மடித்துப் பைக்கு மேலேயே வைத்துப் பெட்டியை மூடினார்.

நாலு மணிக்கு வேன் வந்தது. டிரைவர் வாட்டசாட்டமான ஆள். வயசு ஐம்பதுக்கு மேல். கத்தையான மீசை. வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்னங்க, இன்னைக்கு வாசனையே வரலை? ஏதோ கருகின மாதிரில்ல இருக்கு?"

"பக்கத்து வீட்டுல" என்றான் மச்சான்.

டிரைவர் பெட்டியைத் தூக்கினார். முகம் மலர்ந்தது. "அடேயப்பா, என்னா கனம்! இந்தத் தடவை அம்மா பழத்தை அள்ளிப் போட்டுட்டாங்க போல."

"பத்திரமாக் கொண்டு போங்க" என்றார் பரிசோதகர்.

"என் பொறுப்புங்க" என்று டிரைவர், தூங்கும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி பெட்டியை அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

நாலரைக்கு நர்ஸம்மா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே மூக்கு வேலை செய்துவிட்டது. சமையலறை வாசலில் நின்று பார்த்தார். சுவரில் மாவு. மேசையில் செங்கல். ஓவனுக்கு முதுகு இல்லை. குப்பைக் கூடையில் அவர் விடியற்காலையில் விரலால் வைத்த மடிப்புகள்.

"அக்கா, நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன்" என்று மச்சான் டிரில்லிங் மெஷினை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

பரிசோதகர் ஒன்றையும் மறைக்கவில்லை. லேசாகத் தட்டியதில் தொடங்கி, கடிதம் வரை ஒரே மூச்சில் சொன்னார். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

 மேசையில் வெட்டிப் போட்ட மாவு விளிம்பு ஒன்று, பையோடு சேர்ந்து வெந்தது, கிடந்தது. நர்ஸம்மா அதை எடுத்து மேசையில் தட்டினார். "ணங்." ஒரு முனையைக் கடித்துப் பார்த்தார். கடைவாய்க்கு மாற்றினார். கடைசியில் வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"உப்பு சரியா இருக்கு. சர்க்கரையும் சரியா இருக்கு. பல்லுதான் வேற வாங்கணும்."

"கோபம் இல்லியா?"

"இருக்கு. நாளைக்குக் காட்டறேன்." நர்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "காலையில பத்து மணியிலருந்து நின்னுட்டே இருந்தீங்களா? கையைக் காட்டுங்க. சுட்டுட்டீங்களா? மருந்து போட்டீங்களா? ... அந்தக் கடுதாசியில என்ன எழுதினீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."

"தகுதி இல்லைன்னு."

"அது இல்லைங்க. கடைசி வரி."

பரிசோதகர் சொன்னார். மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நர்ஸம்மா அவர் உள்ளங்கையில் மருந்து தடவிக்கொண்டே, "போகட்டும், விடுங்க. ரெண்டு தடவை ஒழுங்கா அனுப்பியும் வேண்டாம்னவங்க. எனக்குத்தான் அவ்வளவு வரலைன்னு வெச்சுக்குவோம்" என்றார்.

"அப்படிச் சொல்லாதே" என்று பரிசோதகர் வெடுக்கென்று சொன்ன சத்தத்தில், வாசல் மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டது.

டிரைவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பெட்டி. மறு கையால் கன்னத்தை அழுத்திப் பிடித்திருந்தார். மீசை முழுக்க வியர்வை. பெட்டியைத் தரையில் வைத்தபோது வீடே அதிர்ந்தது. மூடி திறந்திருந்தது. பைக்கு ஒரு கீறலும் இல்லை. பக்கத்தில் ஒரு ஸ்பூன் மட்டும் வளைந்து கிடந்தது.

"கன்னத்துல என்ன ஆச்சு?" என்று நர்ஸம்மா எழுந்தார்.

"அது இருக்கட்டும்மா." டிரைவர் சட்டைப் பையிலிருந்து பரிசோதனை அறிக்கையை எடுத்தார். "தெருமுனையில வண்டியை ஓரங்கட்டினேன். இதைப் படிச்சேன். படிச்சதும் மனசு கேக்கலைம்மா. முதலாளியம்மாவுக்குப் போன் போட்டுப் பேசிட்டேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள இன்னொண்ணு சுட்டுக் கொடுங்க. அவங்களே நேர்ல வந்து சாப்பிட்டுப் பார்க்கறேன்னு சொல்லிட்டாங்க."

பரிசோதகருக்கு நம்ப முடியவில்லை. மச்சான் "அக்கா!" என்று கத்தினான். நர்ஸம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு யாரும் இரக்கப்பட வேண்டாங்க. ரெண்டு பையை முழுசாத் தின்னுட்டு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாதவங்க, மூணாவதைச் சாப்பிட மட்டும் ஏன் வீடு தேடி வரணும்?"

டிரைவர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். தரையைப் பார்த்தார்.

"அவங்க எங்கேம்மா தின்னாங்க? அந்த ரெண்டு பையும் கடை வாசலையே பார்த்ததில்லைங்க. வாசனை தாங்காம வண்டியிலயே நான்தான் தின்னு தீர்த்துட்டேன்... இன்னைக்குத்தான் பல்லு இறங்கலை!"